விலைப் பலகையில் இல்லாத சாம்பார்

தமிழ்நாட்டு ஹோட்டல்களில் இட்லிக்கு விலை உண்டு, தோசைக்கு விலை உண்டு, வடைக்கும் உண்டு. ஆனால் இவற்றுக்குச் சுவை சேர்க்கும் சாம்பாருக்கும் சட்னிக்கும் விலைப் பலகையில் இடமில்லை. கேட்டவுடன் மறுபடியும் ஊற்ற வேண்டும், மூன்றாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்ற வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத, ஆயினும் முதலாளிகள் எளிதில் மீறத் துணியாத ஓர் உடன்பாடு. தென்னிந்திய உணவகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இந்த உடன்பாட்டிலிருந்து தொடங்குவதே முறை. அதற்குச் சென்னையின் தெற்குப் புறநகரான குரோம்பேட்டை பொருத்தமான களம். ஏனெனில் வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் ஜவுளி வாங்கவும் வெளியூரார் நாள்தோறும் வந்து போகும் இவ்வூரில், வெளியே சாப்பிடுவது ஆடம்பரமாக அன்றி அன்றாடத் தேவையாகவே வளர்ந்திருக்கிறது.

குரோம்பேட்டை பழைய ஊர்களின் பட்டியலில் சேராது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேம்பர்ஸ் என்ற ஐரோப்பியத் தொழிலதிபர் பல்லாவரத்துக்குத் தெற்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் பெயரே நாளடைவில் ஊர்ப்பெயராக நிலைத்தது. குரோமிய உப்புகளைக் கொண்டு தோலைப் பதனிடும் முறையைக் கையாண்டதால் அந்த ஆலைக்கு அப்பெயர் வாய்த்தது. தோல் ஆலையின் பெயரைச் சுமக்கும் ஊரில் இன்று தெருவுக்குத் தெரு ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகை தொங்குவதை வரலாற்றின் குறும்பு என்றுதான் கொள்ள வேண்டும். 1931ஆம் ஆண்டு கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், 1949ஆம் ஆண்டு சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. எனும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி இங்கு அமைந்ததும் ஊரின் போக்கை மாற்றின. பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது இந்தக் கல்லூரியில்தான். அடுத்துள்ள தாம்பரம் சானடோரியத்தின் காசநோய் மருத்துவமனையும், 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலமான மெப்ஸும் மேலும் பல்லாயிரம் பேரை இப்பக்கம் இழுத்தன. ரயில் பாதையின் ஒருபுறம் நியூ காலனியும் மறுபுறம் ராதா நகரும் அஸ்தினாபுரமும் குடியிருப்புகளாக நிறைந்தன. 2021ஆம் ஆண்டு பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது குரோம்பேட்டையும் அதனுள் அடங்கியது.

இத்தகைய ஊரில் ஹோட்டல் என்பது பலருக்கு வீட்டின் இரண்டாவது அடுக்களை. (தங்கும் அறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக் கடைக்கே தமிழில் ஹோட்டல் என்ற பெயர் வழங்குகிறது, அறை உள்ளது லாட்ஜ் ஆகிவிடுகிறது.) காலை ரயிலைப் பிடிப்பவர், விடுதி உணவு அலுத்துப்போன மாணவர், மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினருக்காக நான்கு இட்லி பார்சல் வாங்க வந்தவர், பண்டிகைத் துணி எடுத்துக் களைத்த குடும்பத்தார் ஆகிய அனைவரும் ஒரே கூடத்தில், பல வேளைகளில் ஒரே மேசையில் அமர்கின்றனர். இன்று இயல்பாகத் தோன்றும் இக்காட்சி, நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் நினைத்துப் பார்க்க முடியாதது.

சமைத்த உணவை யார் கையால், யாருடன் அமர்ந்து உண்பது என்பது சாதியின் இறுக்கமான விதிகளுள் ஒன்றாக இருந்த காலத்தில், பணம் கொடுத்து அந்நியர் சமைத்ததை உண்ணும் கடை தோன்றியதே ஒரு சமூக நெருக்கடி. அந்த நெருக்கடிக்குக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சமாளிப்பு, பிராமணர் சமைக்கும் கடை என்று பலகை எழுதி வைப்பது. ‘பிராமணாள் காபி கிளப்’ எனப்பட்ட இக்கடைகளில் சமைப்பவர் யார் என்பது உறுதி செய்யப்பட்டதோடு, உண்பவர்க்கும் பல இடங்களில் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டது. சாதியின் பேரால் பலருக்கு உள்ளே நுழையவே இடமில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் நிலவிய இப்பிரிவினை, பெரியாரின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என வெளிப்படையாகவே விதித்தது. ஓர் அரசமைப்புச் சட்டம் உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையின் கடுமையை உணரலாம். அதன் பின்னும் பலகைகள் உடனே இறங்கிவிடவில்லை. 1957இல் திருவல்லிக்கேணியின் முரளி கபே முன் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது. இன்று குரோம்பேட்டை ஹோட்டலில் முன்பின் அறியாதவர் எதிரே அமர்ந்து ஒருவர் பொங்கலைப் பிசைந்து உண்கிறார் என்றால், அந்த நாற்காலி பலர் சிறை சென்று பெற்ற நாற்காலி.

உணவகத்தின் இன்றைய உருவம் பெரும்பாலும் உடுப்பியிலிருந்து வந்தது. கிருஷ்ணன் கோயிலையும் மத்வ மடங்களையும் சார்ந்து வளர்ந்த சமையல் மரபைக் கைக்கொண்டு, தென் கன்னடப் பகுதியிலிருந்து சென்னை, பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களுக்குப் பிழைக்க வந்தவர்கள் நடத்திய கடைகளே உடுப்பி ஹோட்டல்கள். அவர்களுள் தலையாயவர் கே. கிருஷ்ணா ராவ். அடுக்களை வேலையாளாகத் தொடங்கிய அவர், சென்னையில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸை நடத்தி, 1930களின் இறுதியில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் திறந்தார். அந்தக் குழுமத்தின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரில் இருந்தபடியே தோசை சாப்பிடும் புதுமையோடு 1962இல் கதீட்ரல் சாலையில் தொடங்கி 2008 வரை நடந்தது. அந்த இடத்தில்தான் இன்றைய செம்மொழிப் பூங்கா இருக்கிறது. 1981இல் கே.கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கிய சரவண பவன் வேறொரு திருப்பம். குடும்பத் தொழிலாக, சமையல்காரரின் கைப்பக்குவத்தை நம்பி நடந்துவந்த ஹோட்டலை, எந்தக் கிளையிலும் ஒரே ருசி, ஒரே அளவு, ஒரே துப்புரவு என்ற கணக்குக்குள் கொண்டுவந்தது அது; 2000இல் துபாயில் கிளை திறந்து அதே கணக்கை வெளிநாட்டுக்கும் எடுத்துச் சென்றது. புறநகர்ச் சாலைகளை நிறைத்திருக்கும் சங்கிலித்தொடர் உணவகங்களும், அவற்றைப் பார்த்துத் தம்மை மாற்றிக்கொண்ட தனிக் கடைகளும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. இதில் ஓர் இழப்பும் உண்டு: இன்ன கடையின் சாம்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் தனித்தன்மை அருகிவிட்டது.

வாடிக்கையாளர் காலை 7 மணிக்கு உண்ணும் இட்லியின் வேலை முந்தைய நாள் மதியமே தொடங்கிவிடுகிறது. புழுங்கலரிசியும் தோல் நீக்கிய உளுந்தும் தனித்தனியே ஊறிய பின், கிரைண்டரில் உளுந்து பொங்கப் பொங்கவும் அரிசி சற்றுக் கரகரப்பாகவும் அரைபடுகின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955இல் உருவாக்கிய மின்சார மாவரைக்கும் இயந்திரம் வருவதற்கு முன், இவ்வளவு மாவையும் ஆட்டுக்கல்லில் ஆள் வைத்து ஆட்ட வேண்டியிருந்தது என்பதால், ஓர் உணவகம் எத்தனை இட்லி விற்க முடியும் என்பதற்கு மாவாட்டுபவரின் தோள்வலிமையே எல்லையாக இருந்தது. அரைத்த மாவு 8 முதல் 12 மணி நேரம் புளிக்கும்போது, உளுந்திலும் காற்றிலும் இயல்பாக உள்ள லியூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. உளுந்தின் வழவழப்பான பொருள் அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லி பஞ்சு போல் எழும்புகிறது. சென்னையின் சித்திரை வெயிலில் இதே மாவு பாதி நேரத்தில் புளித்து, காலையில் எவரும் தொட முடியாத அளவுக்குப் புளிப்பேறிவிடும். ஆகவே அரைக்கும் நேரத்தைப் பருவத்துக்கு ஏற்பத் தள்ளிவைப்பதும், மாவைக் குளிர்சாதன அறைக்கு மாற்றும் தருணத்தை அறிவதும் ஒரு தனித் தேர்ச்சி.

ஹோட்டல் அடுக்களையில் எல்லாரும் எல்லாம் சமைப்பதில்லை. சாம்பார், ரசம், கூட்டு, குருமா ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர் சரக்கு மாஸ்டர். கடையின் ருசி இவரிடம் இருப்பதால், முதலாளிக்கு அடுத்த மதிப்பு இவருக்கே. கல்லின் முன் நிற்பவர் தோசை மாஸ்டர். இவரைத் தவிர இனிப்புக்கும் காபிக்கும் தனித்தனி மாஸ்டர்கள் உண்டு. காய் நறுக்குபவர், பாத்திரம் துலக்குபவர், மேசை துடைப்பவர் என்று கீழ்நோக்கி நீளும் இந்த வரிசையில், மேசை துடைக்க வந்தவர் சர்வராகி, சர்வர் சூப்பர்வைசராகிக் கல்லாவுக்கு அருகே நகர்வதே பதவி உயர்வு. சரக்கு மாஸ்டரின் நுட்பங்களில் ஒன்றைச் சாப்பிடுபவர் பலர் கவனிப்பதில்லை: காலையில் இட்லிக்கு வரும் சாம்பாரும் மதியம் சோற்றுக்கு வரும் சாம்பாரும் பல கடைகளில் ஒன்றல்ல. டிபன் சாம்பாரில் பாசிப்பருப்பு சேர்ந்து, பரங்கிக்காய் கரைந்து, சற்றே இனிப்போடி, இட்லி உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்குத் தளர்வாக இருக்கும். சோற்றுச் சாம்பாரில் துவரம்பருப்பும் புளியும் ஓங்கி, கெட்டியாக இருக்கும். முன்னதைச் சோற்றில் ஊற்றினால் சப்பென்று இருக்கும். பின்னதை இட்லியில் ஊற்றினால் இட்லி தோற்றுவிடும்.

தோசைக் கல்லருகே நடப்பதை ஒருமுறையேனும் நின்று பார்ப்பது நல்லது. ஆள் படுத்துறங்கும் அளவுக்கு அகலமான இரும்புக் கல்லின்மேல் மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீரை விசிறுகிறார். அது சீறி ஆவியாகும் ஓசையைக் கொண்டே சூட்டை மதிப்பிட்டு, தென்னந்துடைப்பத்தால் ஒரே இழுப்பில் கல்லைத் துடைக்கிறார். கல் மிகச் சூடாக இருந்தால் மாவு பரவுவதற்குள் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்தத் தண்ணீர், சுத்தத்துக்கு மட்டுமன்றிச் சூட்டைத் தணிக்கவும் உதவுகிறது. அடுத்து, கிண்ணத்தால் மாவை ஊற்றி நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றிச் சுழற்றி மெலிதாக இழுத்து, வரிசையாக நான்கோ ஆறோ தோசைகளை ஒரே மூச்சில் வார்த்து, எண்ணெயோ நெய்யோ சொட்டி, மசாலா தோசைக்கு மட்டும் உருளைக்கிழங்கை வைத்து மடிக்கிறார். தோசைகள் தனித்தனியே வார்க்கப்படுவதில்லை, ஒரு சுற்றாகவே வார்க்கப்படுகின்றன என்பதை அறிந்தவர்க்கு, சில வேளைகளில் பக்கத்து மேசைக்காரர் பின்னால் சொன்ன தோசை முன்னால் வந்துவிடுவது ஏன் என்பது விளங்கும். அவர் கேட்டது கல்லில் அப்போது நடந்துகொண்டிருந்த சுற்றோடு பொருந்தியிருக்கிறது. ரவா தோசை இந்த ஒழுங்குக்கு உட்படாதது. புளிக்காத, நீர்த்த மாவை உயரத்திலிருந்து விசிறி ஊற்ற வேண்டும், கரண்டியால் தேய்க்கக் கூடாது, ஓட்டை ஓட்டையாக விழுந்த வலை முறுகும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கல்லின் இடம் அடைபட்டுக் கிடக்கும். “ரவா ரோஸ்ட்டு லேட்டாகும் சார், பரவால்லையா?” என்று சர்வர் கேட்பதன் பொருள், கூட்ட நேரத்தில் அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது என்பதே.

உணவகத்தின் நாள் மூன்று கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. விடியலிலிருந்து முற்பகல் 11 மணி வரை டிபன். பிறகு பிற்பகல் 3 மணி வரை மீல்ஸ் எனப்படும் சோற்றுச் சாப்பாடு. அதன்பின் இரவு வரை மறுபடியும் டிபன். நண்பகலில் இட்லி கேட்டால் இல்லை என்ற விடை வருவது பிடிவாதத்தால் அன்று. இட்லி அவித்த அடுப்புகளில் அந்நேரம் சோறும் கூட்டும் இருக்கின்றன. அதோடு மேசைகளும் விரைவில் காலியாக வேண்டும். வாசலில் ‘மீல்ஸ் ரெடி’ என்ற பலகையை எடுத்து வைக்கும் அந்தக் கணத்தில் கூடத்தின் முகமே மாறிவிடுகிறது. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்குமாறு விரித்து, தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, அப்பளம் என ஓரங்கள் நிறைந்த பின் சோறு விழுகிறது. சாம்பார், வற்றல்குழம்பு, ரசம், மோர் என்று கனத்திலிருந்து இலேசுக்கு இறங்கும் வரிசை, கலியாணப் பந்தியின் வரிசையேதான். வேண்டும் அளவு பரிமாறுவது முழுச் சாப்பாடு; கிண்ணங்களில் அளந்து வைப்பது அளவுச் சாப்பாடு. தட்டில் வட்டமாக வெட்டிய வாழையிலையை வைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்பாடு. இலையின் பெருமையும் கிடைக்கிறது, இலைச் செலவும் குறைகிறது.

கூடத்தில் இடம் பிடிப்பதற்கும் எழுதாத விதிகள் உண்டு. நால்வர் அமரும் மேசையில் இருவர் இருந்தால் மற்ற இரண்டு இடங்கள் பொது, “இங்க யாராவது வர்றாங்களா?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தால் போதும், பேச்சுக் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவுகளிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், ஊரின் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையின் ஜவுளிக் கடைகளிலிருந்து இறங்கும் கூட்டம் உணவகங்களுக்குள் புகும்போது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று அவருடைய கடைசி வாய்க்காகக் காத்திருக்கும் வழக்கத்தைக் காணலாம். பிற ஊர்க்காரர் இதை நாகரிகக் குறைவு என்பார்; அது தவறான தீர்ப்பு அன்று. ஆனால் பின்னால் நிற்பவரும் சற்று முன்னர் இன்னொருவரைத் தன் பின்னால் நிற்க வைத்து உண்டவர்தான் என்பதால் ஊர்க்காரருக்கு இதில் மனத்தாங்கல் இல்லை. இந்த நெரிசலினூடே ஒரு கையில் நான்கு வாளிகள் கோத்த தாங்கியுடனும் மறு கையில் தட்டுகளுடனும் நடக்கும் சர்வர், நடந்தபடியே யாருடைய தட்டில் சட்னி தீர்ந்தது என்று பார்த்துவிடுகிறார். ‘தம்பி’ என்றோ ‘அண்ணே’ என்றோ அழைத்தால் திரும்புபவர், சொடக்குப் போட்டால் திரும்ப மாட்டார். திரும்பத் தேவையும் இல்லை.

உண்டு முடித்தபின் வரும் காபிக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். வடிகட்டியில் தூளைத் திணித்துக் கொதிநீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக இறக்கும் டிகாஷனும், நீர் கலக்காமல் காய்ச்சிய பாலும் கடைசி நொடியில்தான் சேர வேண்டும். டிகாஷனுக்குக் கனமும் கருமையும் தருவது சிக்கரி என்ற செடியின் வறுத்த வேர். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தாக வேண்டும். மீதி முழுவதும் சிக்கரியாக இருக்கலாம் என்பதால், மலிவான காபியில் கசப்புக்குக் குறைவிருக்காது, மணத்துக்குக் குறைவிருக்கும். டபரா எனப்படும் அகன்ற கிண்ணமும் டம்ளரும் ஆற்றிக் குடிப்பதற்கான கருவிகள்.

இனி சாம்பாரின் கணக்குக்கு வரலாம். இரண்டு இட்லிக்குச் செல்லும் அரிசியும் உளுந்தும் பெரிய செலவல்ல. பருப்பு, புளி, காய், மிளகாய், தேங்காய், தாளிக்கும் எண்ணெய், நெடுநேரம் எரியும் எரிவாயு ஆகியவையே தட்டின் உண்மையான செலவைத் தீர்மானிக்கின்றன. அதாவது, விலை எழுதப்பட்ட பண்டத்தைவிட, விலை எழுதப்படாத துணைப் பண்டங்களிலேயே கடைக்காரரின் பணம் அதிகம் முடங்குகிறது. ஒருவர் மூன்று முறை வாங்கினால் இன்னொருவர் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வார் என்ற சராசரியை நம்பியே இந்த வியாபாரம் நடக்கிறது. துவரம்பருப்பின் விலை ஏறும் மாதங்களில் சாம்பார் நீர்க்கிறது. தேங்காய் விலை ஏறினால் சட்னியில் பொட்டுக்கடலை கூடுகிறது. சந்தை நிலவரத்தை அறிய நாளிதழ் தேவையில்லை, தேங்காய்ச் சட்னியின் நிறமே போதும்.

இந்த உடன்பாடு இப்போது சில இடங்களில் தளர்ந்துவருகிறது. கல்லாவில் முன்பணம் கட்டி டோக்கன் வாங்கி, நின்றபடி உண்ணும் செல்ஃப் சர்வீஸ் கடைகள் பெருகியிருக்கின்றன. அங்கே சாம்பார் வேண்டுமென்றால் கிண்ணத்தோடு மறுபடியும் எழுந்து செல்ல வேண்டும் என்பதால் பலர் கேட்பதே இல்லை. செயலி வழியாக வீட்டுக்கு வரும் பார்சலில் சாம்பார் சிறு பொட்டலமாகச் சுருங்கி, மறு முறை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தபோது, வாழையிலையும் காகிதமும் அலுமினியத் தாளும் பார்சலுக்குத் திரும்பின. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவரும் பழைய வழக்கமும் ஓரளவு மீண்டது. தூக்குவாளியோடு வருபவருக்குப் பொட்டலத்தைவிடத் தாராளமாகவே சாம்பார் கிடைக்கிறது. பாத்திரத்தின் பாதியில் ஊற்றுவதை நிறுத்த எந்த சர்வருக்கும் மனம் வருவதில்லை.

பில்லைப் படிக்கத் தெரிந்திருப்பதும் வெளியே சாப்பிடுவதன் ஒரு பகுதிதான். ஜிஎஸ்டி எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது குளிர்சாதனம் இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதமும் உள்ளதற்கு 18 சதவீதமும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இவ்விரு வகைச் சாதாரண உணவகங்களுக்கும் வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. (ஜிஎஸ்டி சாலையில் சாப்பிடுவதால் ஜிஎஸ்டி கட்டுகிறோம் என்ற பழைய நகைச்சுவை இன்னும் இவ்வட்டாரத்தில் செலாவணியாகிறது.) ஆகவே ஏ.சி. அறையில் விலை கூடுதலாக இருந்தால் அது கடைக்காரர் வைத்த விலையே தவிர, வரியின் வேறுபாடு அன்று. தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்துள்ள சிறு கடைகள் தம் விற்பனையிலிருந்தே வரி செலுத்த வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியே வசூலிக்க அவற்றுக்கு உரிமையில்லை. 2022 ஜனவரி முதல், உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்கும் 14 இலக்க உரிம எண் பில்லில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதும் விதி. வடை பொரிக்கும் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் வரம்பு உண்டு: எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. சோதனைக் கருவி இல்லாதவர், கருத்து நுரைக்கும் எண்ணெயைக் கண்டால் வடையைத் தவிர்த்துவிடலாம்.

பரிமாறுவோரின் முகங்களும் மாறிவிட்டன. ஒரு காலத்தில் உடுப்பியிலிருந்தும் பின்னர் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த இளைஞர்களின் இடத்தில், இன்று ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம், நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்த சம்பளத்துக்கு வேலை செய்கின்றனர். கெட்டிச் சட்னிக்கும் தண்ணிச் சட்னிக்கும், நெய் ரோஸ்ட்டுக்கும் பொடி தோசைக்கும் உள்ள வேறுபாட்டைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டு, ஒரு மேசையின் பத்து வகைப் பண்டங்களைத் தாளில் குறிக்காமலேயே தமிழில் ஒப்பிக்கும் இவர்களை, தமிழ் தெரியாதவர்கள் என்று அலட்சியமாகப் பேசுவது நியாயமாகாது. தட்டைத் தானே ஓரமாக நகர்த்தி வைப்பதும், பில் உறைக்குள் சில்லறையோ நோட்டோ வைப்பதும் இன்னும் வழக்கத்தில் உள்ளன. ஆனால் செல்பேசியில் பணம் செலுத்தும் பழக்கம் பரவியபின், அந்தச் சில்லறை பெருமளவு நின்றுபோனதன் இழப்பு சர்வருக்கே.

குரோம்பேட்டையில் வெளியே சாப்பிடப் போகிறவர்கள் பத்து ரூபாய் நோட்டு ஒன்றையாவது சட்டைப் பையில் தனியே வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாம் கரண்டி சாம்பாரைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அதற்கான பணம் இட்லி விலையிலேயே வாங்கப்பட்டுவிட்டது. ரவா தோசையை மட்டும் ஞாயிறு இரவு 8 மணிக்குக் கேட்க வேண்டாம்.